கோழி அடைகாத்த தாராக் குஞ்சு

சென்ற சித்திரையில் எங்கள் வளவுக் கோழி ஒன்று அடைக்கு வந்தது. எழும்பமாட்டேன் என்று படுத்துவிட்டது. அம்மா ஒரு பழைய கடகத்தில் வைக்கோலைப் பரப்பி, நாலு தாரா முட்டைகளை வைத்து, கோழியை மேலே இருத்தினா. சரியாக ஏழு நாள் போனபின், ஐந்து கோழி முட்டைகளையும் அதே கடகத்தில் சேர்த்துவிட்டா.

ஏன் அந்த ஏழு நாள் இடைவெளி? கோழிக் குஞ்சு பொரிக்க 21 நாள். தாராக் குஞ்சு பொரிக்க 28 நாள். நீயே கழித்துப் பார்.

கணக்குப் பிழைக்கவில்லை. எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாகவே வெளியே வந்தன. இரண்டு கிழமை போயிருக்கும். அன்று வாழைக்குத் தண்ணீர் இறைத்தோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்டதும் தாராக் குஞ்சுகள் நாலும் தொபுக்கென்று இறங்கிவிட்டன. தாய்க்கோழி கரையில் நின்று கத்தின கத்து அயல் முழுக்கக் கேட்டிருக்கும்.

தரம் ஐந்தில் படிக்கிற என் மருமகள் ஒரு தாராக் குஞ்சையும் ஒரு கோழிக் குஞ்சையும் பிடித்து, கால்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டையும் ஒரே கோழிதானே அடைகாத்தது? அப்ப ஏன் தாராவின்ரை விரலுக்கு இடையிலை மட்டும் சவ்வு இருக்கு?"

எப்படிக் கேட்டிருக்கிறாள் பார்த்தாயா? ஒரே கடகம், ஒரே தாய், ஒரே சூடு. அப்படியானால் வித்தியாசம் வெளியே இல்லை, முட்டைக்குள்ளேதான் இருக்கவேண்டும். கேள்விக்குள்ளேயே பாதி விடையை வைத்துவிட்டாள், கெட்டிக்காரி. மீதிப் பாதியை உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் நீ ஒரு ஊகம் சொல். கோழிக்கால்தான் சாதாரணமான கால், தாராவுக்கு மட்டும் பிறகு சவ்வு வளர்ந்து ஒட்டியது என்று நினைக்கிறாயா? நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மை நேர்மாறானது. முட்டைக்குள் இருந்தபோது கோழிக் குஞ்சுக்கும் சவ்வு இருந்தது. அதைவிடப் புதினம் ஒன்று சொல்லட்டுமா? அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உனக்கும் இருந்தது!

முட்டைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உருவாகத் தொடங்கும் சின்னஞ்சிறு உயிரை முளையம் என்கிறோம். விதையிலிருந்து வரும் முளையை நினைத்துக்கொள். நாலாம் கிழமையில் மனித முளையம் முழுவதுமே ஓர் அரிசி மணி அளவுதான். அப்போது அதன் பக்கங்களில் கைக்காக இரண்டு சிறு மொட்டுகள் கிளம்புகின்றன. ஓரிரு நாள் பிந்திக் கால் மொட்டுகள் வருகின்றன. மொட்டு நீள்கிறது. அதன் நுனி தட்டையாகிறது. புட்டு எடுக்கிற தட்டகப்பை போல ஒரு தகடு. அதில் விரல் என்று எதுவும் இல்லை. எட்டாம் கிழமை முடியும்போது பார்த்தால், பத்துக் குட்டி விரல்களும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும்.

பனையோலையைப் பார்த்திருப்பாய். அடியில் ஒரே விசிறி, விளிம்பில் பிரிந்த விரல்கள். தோற்றத்துக்கு அந்த உவமை பொருந்தும். ஆனால் ஓலை பிரியும் விதம் வேறு, கை பிரியும் விதம் வேறு.

கை எலும்புகளின் கதை யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் இங்கே வந்து, மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். தமிழிலேயே படிப்பிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூலைத் தமிழில் வெளியிட்டார். மனித உடலின் அமைப்பு முழுவதையும் சொல்லும் நூல் அது. ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இதையெல்லாம் அன்றைய மாணவர்கள் மானிப்பாயில் தமிழிலேயே படித்தார்கள். ஆனால் அந்த விரல்கள் எப்படி உருவாகின்றன என்று அன்று உலகில் எந்த வைத்தியரிடம் கேட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்காது.

விடை கிடைக்கத் தொடங்கியது ஒரு கோழி முட்டையில்.

1948 ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஜோன் சோண்டர்ஸ் என்ற இளம் ஆய்வாளர் முட்டைக் கோதில் ஒரு குட்டி யன்னல் வெட்டினார். உள்ளே மூன்று நாள் வயதான முளையம். அதன் செட்டை மொட்டை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தால், நுனி விளிம்பில் மெல்லிய மேடு ஒன்று ஓடுவது தெரியும். வயல் வரம்பு பார்த்திருக்கிறாய்தானே? அதே மாதிரி, ஆனால் தூசியளவு. அவர் அந்த வரம்பை நுண்ணிய ஊசியால் மெல்ல உரித்து எடுத்தார். பிறகு யன்னலை மூடி, முட்டையைத் திரும்பவும் சூட்டில் வைத்தார்.

என்ன நடந்திருக்கும்? சொல் பார்ப்போம்.

செட்டை குட்டையாகிவிட்டது. வரம்பை மிக முந்தி எடுத்தால், தோளருகே உள்ள எலும்பு மட்டுமே வந்தது. கொஞ்சம் பிந்தி எடுத்தால் முழங்கைக்குக் கீழுள்ள எலும்புகளும் வந்தன. இன்னும் பிந்தி எடுத்தால் விரல் நுனிகள் மட்டுமே குறைந்தன.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஒன்று, கை தோளிலிருந்து வெளியே நோக்கிப் படிப்படியாக உருவாகிறது. விரல்களின் முறை கடைசியில்தான் வருகிறது. இரண்டாவது, அந்த வரம்பு "வளர், வளர்" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. வாய் இல்லாமல் எப்படிச் சொல்லும்?

நம் உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. சுவருக்குக் கல் எப்படியோ, உடம்புக்குக் கலம் அப்படி. ஆனால் கல் பேசாது, கலம் பேசும். ஒரு கலம் சிறு புரதத் துணுக்குகளை வெளியே விடும். பக்கத்துக் கலத்தின் மேல் அதைப் பிடிக்கிற கொக்கிகள் உண்டு. துணுக்குக் கொக்கியில் மாட்டியதும், "பெருகு", "எலும்பாகு", "நில்" என்று உள்ளே சேதி போகும். இப்படித் தூது போகிற புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம்.

இதுவரை விளங்குகிறதா? இல்லையென்றால் வெட்கப்படாதே. மேலே ஒருமுறை போய் வா. நான் இங்கேயே நிற்கிறேன்.

வரம்பு விடுகிற தூதுப் புரதம் எது என்று கண்டுபிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் பிடித்தன. அதன் பெயர் நார்க்கல வளர்ச்சிக் காரணி. ஆங்கில எழுத்துகளில் சுருக்கி எவ்.ஜி.எவ். என்பார்கள். 1993 இல் லீ நிஸ்வாண்டர், கெயில் மார்ட்டின், செரில் டிக்கிள் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் வரம்பை உரித்துவிட்டு, அந்த இடத்தில் இந்தப் புரதத்தில் ஊறிய மிகச் சிறிய மணிகளை வைத்தார்கள். வரம்பு இல்லை, ஆனாலும் செட்டை வளர்ந்தது! இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வுக் குழு அப்படியொரு மணியைச் செட்டைக்கும் காலுக்கும் நடுவே விலாப் பக்கத்தில் வைத்தது. அங்கே புதிதாக ஓர் அவயவமே முளைக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பரிசோதனையை முதன்முதலாக வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

வரம்பு மட்டும் பேசுவதில்லை. அதற்குக் கீழே உள்ள கலங்களும் வேறொரு எவ்.ஜி.எவ். புரதத்தை மேலே அனுப்பி வரம்பை உயிரோடு வைத்திருக்கின்றன. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறாயா? பெரிய பட்டத்தைத் தனியாளாக ஏற்ற முடியாது. ஒருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பார், தூரத்தில் மற்றவர் கயிற்றோடு நிற்பார். "விடு!" "இழு!" என்று இருவரும் மாறி மாறிக் கத்துவார்கள். ஒருவர் வாயை மூடினாலும் பட்டம் மண்ணில். கையும் அப்படித்தான் ஏறுகிறது.

சரி, கை நீண்டுவிட்டது. எந்தப் பக்கம் சின்னவிரல், எந்தப் பக்கம் பெருவிரல் என்பதை யார் சொல்வது?

வீட்டில் கறுத்தக்கொழும்பான் மாங்காயை வைக்கோலுக்குள் பழுக்க வைத்தால் என்ன நடக்கும்? அந்த அறைக்குள் போனால் மூக்கைத் துளைக்கும். விறாந்தையில் மெல்லிய வாசம். முற்றத்தில் ஒன்றும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும், வாசத்தின் அளவை வைத்தே நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லிவிடுவாய். கை மொட்டிலும் சின்னவிரல் பக்கத்து மூலையில் ஒரு சிறிய கலக் கூட்டம் இருக்கிறது. அதுதான் மாம்பழ அறை. அதிலிருந்து ஒரு புரதம் பரவுகிறது. கிட்ட நிற்கும் கலங்களுக்கு நிறைய, நெடுநேரம் கிடைக்கும். அவை சின்னவிரல் பக்கத்து விரல்களாகும். எட்ட எட்டப் போக வாசம் குறையும், விரலும் மாறும். பெருவிரல் முற்றத்தில் நிற்கிற பிள்ளை. அதற்கு இந்த வாசமே தேவையில்லை.

1968 இல் சோண்டர்ஸும் மேரி காசலிங்கும் அந்த மூலைத் துண்டை வெட்டி, இன்னொரு செட்டை மொட்டின் எதிர்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். வீட்டின் இரண்டு தொங்கலிலும் மாம்பழம் வைத்தமாதிரி. வந்த செட்டையில் விரல்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் ஒத்திருந்தன!

அந்த வாசப் புரதம் எது என்று 1993 இல்தான் தெரிந்தது. அதன் பெயரைச் சொன்னால் சிரிப்பாய். 'சொனிக் ஹெட்ஜ்ஹொக்'. ஆமாம், வீடியோ விளையாட்டில் ஓடுகிற அதே நீல முள்ளெலிதான். ஒரு புரதத்தைச் செய்யும் விதத்தைக் கலத்துக்குள் இரசாயன எழுத்துகளில் எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் பரம்பரையலகு என்கிறோம். இதன் உறவுக்காரப் பரம்பரையலகு ஒன்று பழ ஈயில் பழுதானால், அதன் புழு உடம்பெல்லாம் முள்ளு முள்ளாக வரும். அதனால் அதற்கு முன்பே முள்ளெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். இதற்கு விளையாட்டின் பெயர் வந்தது. விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் பிள்ளைகள்தானே.

சொனிக் எங்கே, எப்போது பேசவேண்டும் என்று சொல்லும் ஆளி ஒன்று உண்டு. பரம்பரையலகிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி அது இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே பெருவிரல் பக்கத்திலும் வாசம் கிளம்பி, ஒரு விரல் கூடுதலாக வரலாம். அமெரிக்காவின் கீ வெஸ்ட் ஊரில் எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டில் திரிகிற ஆறு விரல் பூனைகளின் கதை இதுதான். மனிதர்களிலும் ஆறு விரலோடு பிறப்பவர்கள் உண்டு. உன் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய ஆறாம் விரலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று மற்றவர்களுக்கு நீ சொல்லலாம். பாம்புகளிலோ அந்த ஆளி தேய்ந்தே போய்விட்டது. வெங்கணாந்தி போன்ற சிலவற்றின் வாலடியில் மட்டும் பின்னங்காலின் மிச்சமாக இரண்டு குட்டி நகங்கள் இன்னும் நிற்கின்றன.

இப்போது நான் மிகவும் விரும்புகிற இடத்துக்கு வந்துவிட்டோம். தகட்டில் விரல்கள் ஏன் ஒரே சீரான இடைவெளியில் கோடு கோடாக வருகின்றன?

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போயிருக்கிறாயா? அங்கே மணற்குன்றுகளின் மேல் காற்று வரைந்த வரிகளைப் பார். ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு பள்ளம். அளவுகோல் வைத்து யாரும் கீறவில்லை. ஓரிடத்தில் மணல் கொஞ்சம் சேர்ந்தால் அது இன்னும் மணலைச் சேர்க்கும். அதே மேடு தன் பின்னால் விழுகிற மணலைக் குறைத்துவிடும். இந்த இரண்டும் நடந்தாலே போதும், வரிகள் தாமாக வந்துவிடும்.

அலன் டியூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை, கணினிகளின் முன்னோடி, 1952 இல் ஒரு கட்டுரை எழுதினார். உடம்பில் பரவும் இரசாயனங்களும் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இப்படி வரிகளை உண்டாக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். தன் கணக்கு விரல்களுக்குப் பொருந்துவதை அவர் பார்க்கவில்லை. 2014 இல் ஸ்பெயினின் பார்சலோனாவில் ஓர் ஆய்வுக் குழு, பீ.எம்.பீ., விண்ட் என்ற இரண்டு செய்திப் புரதங்களும் சொக்ஸ் ஒன்பது என்ற பரம்பரையலகும் சேர்ந்து இந்த வேலையைச் செய்வதைக் காட்டியது. மேடு விழுந்த இடத்தில் முதலில் மெத்தென்ற கசியிழையம் உருவாகும், பிறகு அது எலும்பாகும். பள்ளத்தில் விழுந்தது விரலிடைச் சவ்வு. தகடு அகலமானால் மேடுகளும் கூடலாம்.

இனிச் சவ்வு போகவேண்டும். இங்கேதான் கோழியும் தாராவும் பிரிகின்றன.

பீ.எம்.பீ. என்பதும் ஒரு வளர்ச்சிக் காரணி. எலும்பை உண்டாக்கும் புரதம் என்றுதான் அதை முதலில் அறிந்தார்கள். விரல் மேட்டில் அது எலும்பு உருவாக உதவுகிறது. இடைப் பள்ளத்தில் அதே புரதம் "உன் வேலை முடிந்தது, போய் வா" என்கிறது. ஒரே செய்தி, இரண்டு விளைவு. விளங்கவில்லையா? உன் பள்ளிக்கூட மணியை நினை. ஒன்றரை மணிக்கு அடிக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளோ கொப்பியை விரித்துக்கொண்டு மேலதிக வகுப்புக்கு இருக்கிறார்கள். மணி ஒன்றுதான். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது மற்றது.

(என் மருமகளிடம் இந்த உவமையைச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. அவள் மேலதிக வகுப்புக்காரி.)

"போய் வா" என்று கேட்ட கலங்கள் தாமாகவே சுருங்கி, சிறு துண்டுகளாகி மறைந்துவிடும். துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். நோவும் இல்லை, புண்ணும் இல்லை. மாசி மாதத்தில் வேம்பு இலை கொட்டுகிறதே, அப்படி. 1972 இல் மூன்று ஆய்வாளர்கள் இதற்கு வைத்த 'அப்பொப்டோசிஸ்' என்ற கிரேக்கப் பெயருக்கும் உதிர்தல் என்றுதான் பொருள்.

அப்போ தாரா? அதன் விரலிடையிலும் பீ.எம்.பீ. மணி அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே 'கிரெம்லின்' என்ற இன்னொரு புரதம் நிற்கிறது. விமானங்களைப் பழுதாக்குகிற குறளிப் பேய் ஒன்றின் பெயர் அது. ஆங்கிலேய விமானிகள் கட்டிய கதை. இந்தக் குறளி பீ.எம்.பீ. புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. மணியின் நாக்கில் யாரோ துணியைச் சுற்றிவிட்டமாதிரி. மணி கேட்காத கலங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சவ்வு நின்றுவிட்டது.

இது உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பாய்? கோழிக்கும் துணி சுற்றிப் பார்க்கவேண்டும். 1996 இல் சூ என்பவரும் முன்பு சொன்ன நிஸ்வாண்டரும் கோழி முளையத்தின் காலில் பீ.எம்.பீ. செய்தியை மறித்தார்கள். 1999 இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கிரெம்லினில் ஊறிய மணியைக் கோழியின் விரலிடையில் வைத்தார்கள். இரண்டு முறையும் கோழிக்காலில் தாராவைப் போலச் சவ்வு நின்றது.

மருமகளே, நீ கேட்ட மீதிப் பாதி இதுதான்.

பங்குனிக்கு முன் சுண்டிக்குளம் பக்கம் போனால் இந்தக் கதையின் வேறு வேறு முடிவுகளைக் காணலாம். பூநாரைக்கு முன்விரல் மூன்றுக்கும் இடையே சவ்வு. நீர்க்காகத்துக்கு நாலு விரலையும் சேர்த்துச் சவ்வு. முக்குளிப்பானுக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடல், இலை ஒட்டியமாதிரி. குறளி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலேதான் பெரும்பகுதி இருக்கிறது. உன் கையை விரித்துப் பார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மெல்லிய தோல் மடிப்பு இருக்கிறது. சவ்வு இவ்வளவு தூரம் உள்வாங்கி, அங்கே நின்றுவிட்டது.

கதை முடிந்தது என்று நினைத்தேன். மருமகள் விடவில்லை. "அப்ப வௌவால், மாமா?"

அன்று இரவு இருவரும் ரோச் லைற்றோடு மாமரத்தடிக்குப் போனோம். கறுத்தக்கொழும்பானைச் சப்பிக்கொண்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. வௌவாலின் செட்டைக்குள் இருக்கிற நீண்ட கம்பிகள் வேறொன்றுமில்லை, அதன் விரல்கள். உன் கையிலுள்ள அதே விரல்கள், குடைக்கம்பி போல நீண்டு. விரல்களுக்கு இடையே சவ்வு நிற்கிறது. 2006 இல் வௌவால் முளையங்களை ஆராய்ந்தபோது, அங்கேயும் கிரெம்லின் நின்றது. கூடவே கலங்களைச் சாகவிடாமல் பிடித்து வைக்கிற எவ்.ஜி.எவ். புரதமும் நின்றது.

"காலைப் பார்" என்றேன். வெளிச்சத்தைக் கிளைக்கு உயர்த்தினாள். கிளையைப் பற்றியிருந்த விரல்களை மெல்ல எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இடையில் சவ்வு இல்லை. தனித்தனி விரல்கள்.

"கையிலை குறளி இருக்கு, காலிலை இல்லை" என்றாள்.

வௌவால் கொட்டையை எங்கள் முன்னால் போட்டுவிட்டுப் பறந்துபோனது.